பாராசூட்டை முதல் நாளே எடுக்காதீர்கள்

கேள்வி இதுதான். பென்னாகரம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும் டீச்சர் ஒருவர், காற்றுத்தடையைப் புரியவைக்க பிளாஸ்டிக் உறையில் பாராசூட் செய்து, அடியில் ஒரு கல்லைக் கட்டி, பெஞ்சு மேல் நின்று விட்டிருக்கிறார். அது பொத்தென்று விழுந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்து முடித்துவிட்டு நோட்டில் "கனமான பொருள் வேகமாக விழும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தப்பு, பள்ளியில் கருவி எதுவும் இல்லாமல் இதை எப்படி நடத்துவது என்று கேட்கிறார்.

டீச்சர், பிள்ளைகள் எழுதியதில் அவர்கள் மேல் தப்பே இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். வேப்பனப்பள்ளி பக்கம் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கோழி இறகையும் ஒரு கல்லையும் ஒன்றாக விட்டுக் காட்டி, "பார்த்தீர்களா, இறகைக் காற்று தடுக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரம் கேட்டால் இருபது பேரில் பதினெட்டுப் பேர் "கல் கனம் சார், அதான் சீக்கிரம் விழுந்துச்சு" என்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் கல்லுக்கும் இறகுக்கும் எடையும் வேறு, வடிவமும் வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றி வைத்துவிட்டு வடிவத்தை மட்டும் பார் என்றால் எந்தப் பிள்ளை பார்க்கும்?

பிள்ளைகளிடம் இதற்கு ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: அழுகுணி ஆட்டம். உங்கள் பக்கம் போங்கு என்றால் போங்கு. ஓட்டப்பந்தயத்தில் ஒருத்தன் கோட்டைத் தாண்டி நின்றால் எப்படிக் கத்துவார்களோ, அப்படியே இங்கேயும் கத்த வையுங்கள். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம், இரண்டு மாறினால் அது அழுகுணி. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இது பிடிபட மூன்று வருடம் ஆனது.

முதல் நாள் எதையும் கீழே போட வேண்டாம். காற்று என்று ஒன்று இருக்கிறது, அது இடத்தை அடைக்கிறது, தள்ளுகிறது என்பதே பல பிள்ளைகளுக்கு உறுதியாக இருக்காது. எங்கள் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள். ஒருமுறை தண்ணீர் இல்லாத பாட்டிலைத் தூக்கிக் காட்டி "இதுக்குள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் "காலி" என்றான். எல்லா வருடமும் வருகிற பதில்தானே என்று நானும் "காலி இல்லப்பா, காலி மாதிரி தெரியும், ஆனா..." என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பாடம் நடத்தினேன். அவன் முழித்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இருந்த பெண்தான் பொறுக்க முடியாமல், "சார், அவன் காத்துன்னுதான் சார் சொல்றான்" என்றாள். தெலுங்கில் காற்றுக்குப் பேரே காலிதான், முதல் எழுத்தை காந்தி என்பதில் வருகிற மாதிரி சொல்வார்கள். சரியான பதில் சொன்ன ஒரே பிள்ளையை நிற்க வைத்து நான் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தளி, கெலமங்கலம் பக்கம் கன்னடப் பிள்ளைகளிடமும் ஏறக்குறைய இதே சொல்தான். உங்கள் பக்கம் இந்தச் சிக்கல் குறைவாக இருக்கும். இருந்தாலும் பிள்ளை சொல்வது எந்த அர்த்தத்தில் என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

அந்த முதல் நாளுக்கு வேண்டியது ஒரு வாளித் தண்ணீர், ஒரு டம்ளர், ஒரு முறம். டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்துக் கவிழ்த்து நேராகத் தண்ணீருக்குள் அழுத்தி எடுத்தால் காகிதம் நனையாமல் வரும், அது போதும். அப்புறம் முறத்தை ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்து, முதலில் அகலப் பக்கம் முன்னால் இருக்கும்படி வேகமாக வீசச் சொல்லுங்கள், பிறகு திருப்பி விளிம்பு முன்னால் இருக்கும்படி. முறம் அதே முறம், கை அதே கை. அகலமாக வீசும்போது கையை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், விளிம்பால் வீசினால் சர்ரென்று போகும். மைதானத்தில் ஒரு பெரிய அட்டையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னாலும் இதேதான். காற்றுத்தடை என்ற சொல்லையே நான் அன்று எடுப்பதில்லை. "காத்து தடுக்குது சார்" என்று அவர்களாகச் சொல்லட்டும், பிறகு புத்தகத்தில் இதற்குப் பேர் இது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் வாயைப் பிளக்க ஒரு கணக்கு வேண்டுமானால்: ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக, அறைக்குள் நூறு கிலோவுக்கு மேல் காற்று இருக்கிறது. "அப்ப ஏன் சார் நம்மள நசுக்கல" என்று ஒரு பிள்ளை கேட்கும். அது வேறு பாடம், நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் காகிதம். உங்கள் சிக்கல் தீருகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. இதை மறந்துவிட்டு நான் ஒரு பீரியடு முழுக்க வீணாக்கியிருக்கிறேன், காகிதம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலைக்குப் போனது. ஆடி மாதமாக இருந்தால் காற்று வரும் பக்கத்து ஜன்னலையும் சாத்துங்கள். பழைய தேர்வுத்தாளில் ஒரே அளவாக இரண்டு எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றை இறுக்கிக் கசக்கிப் பந்தாக்குங்கள். விடுவதற்கு முன்னால் எது முதலில் விழும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும். பேச விட்டால் வகுப்பில் கெட்டிக்காரி யாரோ அவள் சொல்வதையே எல்லாரும் சொல்வார்கள். ஒரே ஆள் இரண்டு கையிலும் பிடித்து ஒன்றாக விட வேண்டும், மற்றவர்கள் தரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். ஆமாம், படுக்கத்தான் வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் எது முதலில் தரையைத் தொட்டது என்று சண்டைதான் வரும், கண் தரை மட்டத்தில் இருந்தால் சந்தேகமே வராது. பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதியே இப்படிப் படுப்பதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பந்துதான் முதலில் விழும். உடனே ஒரு குரல் வரும்: "கசக்கினா கனமாயிடும் சார்." இதைத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னால் வாயை மூடிக்கொள்வார்களே தவிர நம்ப மாட்டார்கள். ஓர் அடி ஸ்கேலின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் பந்து, அந்தப் பக்கம் நான்காக மடித்த தாள் என்று இரண்டையும் ஒரே தூரத்தில் நூலில் மாட்டுங்கள். ஸ்கேல் சாயாது. அதைப் பார்த்த பிறகும் இரண்டொருவர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்காகவே அடுத்தது.

ஒரு தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மட்டும் கசக்குங்கள். இப்போது முழுத்தாள் விரித்தபடி ஒரு கையில், அரைத்தாள் பந்து இன்னொரு கையில். எது கனம்? முழுத்தாள், இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விடுங்கள். பாதி எடையுள்ள பந்து முதலில் விழும். கால்பாகம் கிழித்துக் கசக்கினாலும் அதுதான் முந்தும். "கனமானது வேகமாக விழும்" என்ற வாக்கியம் அங்கேயே உடைந்துவிடும், நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. யாராவது "இது அழுகுணி சார், எடையும் மாறிடுச்சு, வடிவமும் மாறிடுச்சு" என்று கேட்டால் அந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள், கேட்டது சரிதான். எடை வித்தியாசம் பந்துக்கு எதிராக இருந்தும் பந்து ஜெயித்திருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள்.

செல்போன் ஸ்டாப்வாட்சில் நேரம் அளக்கச் சொல்லும் வழிகாட்டிகளை நான் நம்புவதில்லை. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்ட கல் 0.64 நொடியில் தரைக்கு வந்துவிடும். கண்ணால் பார்த்து விரல் பொத்தானை அழுத்துவதற்கே கால் நொடி போகிறது. இதில் அளவு எங்கே, பிழை எங்கே? மூன்று பிள்ளைகள் மூன்று எண் சொல்வார்கள், நீங்கள் சராசரி எடுப்பீர்கள், எல்லாம் வெறும் சடங்கு. இரண்டையும் ஒன்றாக விட்டு எது முந்துகிறது என்று பார்ப்பதுதான் இந்த வயதுக்குச் சரி. கனமான பொருள்களுக்குக் கண்ணைவிடக் காது நல்லது: கீழே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்தால் ஒரு சத்தமா இரண்டு சத்தமா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அந்தத் தட்டை வைத்து ஒரு புளியங்கொட்டையையும் ஒரு கூழாங்கல்லையும் விடுங்கள். எடையில் எத்தனையோ மடங்கு வித்தியாசம், ஆனால் ஒரே 'டங்'. அதே மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில், ஒன்று நிறைய, ஒன்று பாதி, மண் தரையில் விட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகத்தான் விழும். ஒன்று சொல்ல வேண்டும்: சுத்தமாகத் தண்ணீரே இல்லாத பாட்டிலை இதில் சேர்க்காதீர்கள். அது இருபது, இருபத்தைந்து கிராம்தான் இருக்கும், அவ்வளவு லேசான பொருளுக்கு அந்த அகலம் அதிகம், அது கண்ணுக்குத் தெரிகிற அளவு பின்தங்கும், பிள்ளைகள் மறுபடி "கனமானது" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நோட்டைவிடச் சிறிய ஒரு காகிதத் துண்டை நோட்டு அட்டை மேல் வைத்து, நோட்டைப் படுக்கை வசமாக விடுங்கள். தனியாக விட்டால் ஆடி அசைந்து வரும் காகிதம், நோட்டோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஒன்றாக இறங்கும். நோட்டு முன்னால் போய்க் காற்றை விலக்கிக்கொடுக்கிறது. பின்னால் கொஞ்சம் இழுப்பும் இருக்கிறது என்பதால், காற்றே இல்லாத இடத்தில் நடப்பதற்கு இது முழுச் சாட்சி ஆகாது. ஐந்தாம் வகுப்புக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இப்போது உங்கள் பாராசூட். எதுவும் விழ விழ வேகம் கூடும், வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடும், வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு கட்டத்தில் தடையும் எடையும் சமமாகிவிடும், அதற்கு மேல் வேகம் கூடாது. ஓர் அடிக்கு ஓர் அடி விரிப்பில் பத்து கிராம் கட்டினால் அந்த வேகம் நொடிக்குச் சுமார் ஒன்றரை மீட்டர். நூறு கிராம் கல்லைக் கட்டினால் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், ஐந்து மீட்டருக்குக் கிட்டே. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விட்ட கல்லே தரையைத் தொடும்போது ஆறு மீட்டர் சொச்ச வேகத்தில்தான் இருக்கும். முதல் அரை மீட்டர் விரிப்பு விரிவதற்கே போய்விடும், ஆக உங்கள் பாராசூட் வேலையைத் தொடங்குவதற்குள் தரை வந்துவிட்டது. கல்தான் தப்பு. பத்துப் புளியங்கொட்டையைத் துணியில் முடிந்து கட்டுங்கள், வித்தியாசம் பெஞ்சு உயரத்திலேயே தெரியும். கொட்டையில் இன்னொரு வசதி, எடையை எண்ணிக்கையாக மாற்றலாம்: ஐந்து, பத்து, இருபது என்று பிள்ளைகளே கூட்டிக் குறைப்பார்கள்.

விரிப்புக்கு கேரி பேக் தேடாதீர்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சட்டை, சீருடை சுற்றி வரும் மெல்லிய உறை வீட்டில் கிடந்தால் அது நல்லது. இல்லையென்றால் செய்தித்தாளே போதும். நூல், பூ கட்டும் நூல், நான்கு மூலைக்கும் ஒரே நீளம், விரிப்பின் அகலத்துக்குக் குறையாமல். நடுவில் பென்சில் நுழைகிற அளவு ஒரு ஓட்டை போட்டால் ஊஞ்சல் ஆடாமல் இறங்கும். ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே அடைந்த காற்று ஒரு பக்கமாக வழியும், அதனால்தான் அந்த ஆட்டம். ஓட்டை உள்ளது, இல்லாதது என்று இரண்டு செய்து ஒன்றாக விடலாம். பெரிய விரிப்பு, சிறிய விரிப்பு என்றும் செய்யலாம், கொட்டை இரண்டிலும் பத்துதான். மொட்டை மாடிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். கொட்டை லேசாக இருந்தால் பெஞ்சே போதும் என்பதால் அந்த ஆபத்தும் தேவையில்லை.

வகுப்பில் வேகமாகப் போகிற நான்கைந்து பேருக்கு ஒரு விளையாட்டு. பேக்கரியில் கப் கேக் வைக்கும் காகிதக் கிண்ணம் கிடைக்கும். ஒன்று தனியாக, நான்கு ஒன்றுக்குள் ஒன்றாக. நான்கை இரண்டு மீட்டரிலிருந்தும் ஒன்றை ஒரு மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விட்டால் ஏறக்குறைய ஒன்றாகத் தரையைத் தொடும். வடிவம் அதே, எடை நான்கு மடங்கு, வேகம் இரண்டே மடங்கு. அப்படியானால் எடைக்கு இதில் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. காற்று பலமாகத் தடுக்கிற பொருள்களில் எடை கூடினால் வேகமும் கூடும். காகிதத்தில் இல்லை என்றீர்களே, இதில் ஆமாம் என்கிறீர்களே என்று கேட்கிற பிள்ளை கிடைத்தால் அந்த வருடம் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கலிலியோ பைசா கோபுரத்திலிருந்து எடை வேறான இரண்டு உருண்டைகளை ஒன்றாக விட்ட கதையோடு தொடங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கதையை எழுதியவர் அவருடைய சீடர் விவியானி, நடந்ததா என்பதே வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம். அதைவிட, எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் விட்ட வீடியோவைப் போனில் காட்டுங்கள். இரண்டும் மெதுவாக, ஒன்றாகத் தரையைத் தொடும். காற்று இல்லை, தடையும் இல்லை. முதலிலேயே காட்டினால் அது மாயாஜாலம். காகிதத்தோடு இரண்டு நாள் சண்டை போட்ட பிள்ளைகள் பார்த்தால் "அதான் சார்!" என்று கத்துவார்கள். இந்தக் கல், இறகு சோதனையை நான் முதலில் செய்து கெடுத்தேன் என்றேனே, அதன் சரியான இடம் இதுதான். மழையையும் இங்கே சொல்லலாம். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் துளியைக் காற்று தடுக்காவிட்டால் அது நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் தலையில் இறங்கும். இப்போது பெரிய துளிகூட ஒன்பது மீட்டர் வேகத்தில்தான் வருகிறது.

உங்கள் பக்கம் இதெல்லாம் களத்திலேயே நடக்கிற விஷயம். ராகி அறுத்துக் கதிரை ரோட்டில் போட்டு வண்டி ஏறிய பிறகு, காற்று வரும் திசை பார்த்து நின்று தூற்றுவதை உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். மணி காலடியில் விழும், உமியும் தூசும் தள்ளிப் போய் விழும். ஒரு பிடி ராகியும் உமியும் கலந்து வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, முறத்தால் ஒருவர் வீச இன்னொருவர் மேலிருந்து கொட்டட்டும். உமி ஏன் தள்ளிப் போகிறது என்பதற்கு என் வகுப்பில் ஒரு பெண் சொன்ன பதில்: "அதுக்கு உடம்பு கம்மி சார், சட்டை பெருசு." எடைக்கும் பரப்புக்கும் உள்ள விகிதத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கேயும் கேட்டதில்லை.

கடைசியாக எருக்கு விதை. பிள்ளைகள் தாத்தாப்பூச்சி என்று ஊதி விளையாடுவார்களே, அது. ஒரு விதையைப் பஞ்சோடு விடுங்கள், இன்னொன்றில் பஞ்சை மட்டும் பிய்த்துவிட்டு விடுங்கள். பஞ்சு போனதால் இது கொஞ்சமாவது லேசாகத்தான் ஆகியிருக்கும், ஆனால் இதுதான் சட்டென்று விழும். பச்சைக் காயைப் பறிக்க விடாதீர்கள், அந்தப் பால் கண்ணில் பட்டால் மோசம். தானாக வெடித்த காய்ந்த காயை மட்டும் எடுத்து, பிறகு கை கழுவ வையுங்கள். எங்கள் பக்கம் வெயில் ஏறத் தொடங்கும்போதுதான் காய் நிறைய வெடித்துக் கிடக்கும், அதனால் பாடம் அதற்கு முன்னால் வந்துவிட்டால் இந்த ஒரு சோதனையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் வழியில் எந்தச் செடியில் காய் முற்றுகிறது என்று இப்போதே இரண்டு பேரைக் காவல் போட்டுவிடலாம்.